நடுக்கோட்டுப் பிள்ளை

ஜுசாரா இறந்தபோது எண்பத்தெட்டு சென்டிமீட்டர் உயரம் இருந்தாள். பெட்டி செய்த தச்சன் அளந்து சொன்ன கணக்கு அது. பத்து மாதம் கழித்து அவள் நூற்றொன்றரை சென்டிமீட்டர் ஆகியிருந்தாள். செத்த பிள்ளை வளருமா என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். எங்கள் ஊரான சாந்தா ஒலீவியாவில் அந்த வருடம் இந்த வாரம் ஒரு விலைக்கு விற்ற ரொட்டி அடுத்த வாரம் வேறொரு விலைக்கு விற்றது; அதையே யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எல்லாம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு பிள்ளையும் வளர்ந்தது, அவ்வளவுதான்.

இதற்கு முன்கதை உண்டு. 1980-இல் பெரிய நகரத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார். அந்த வருடம் எங்கள் ஊர்ப் பிரசவ விடுதியில் பிறக்கிற பிள்ளைகள் அத்தனை பேரையும் பிறந்த நாளிலிருந்து சாகும் நாள்வரை அளந்துகொண்டே இருக்கப்போவதாகச் சொன்னார். மனிதன் எப்படி மனிதன் ஆகிறான், எந்த வயதில் எது கூடுகிறது, எது கழிகிறது, நாலு வயதில் குடித்த பால் நாற்பது வயதில் எலும்பில் நிற்கிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அவர் கூடவே நடந்து சரிபார்க்க ஆசைப்பட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அளப்பதற்கு ஊர்ப் பெண்கள் எட்டுப் பேரை வேலைக்கு எடுத்தார். மடக்கு உயரப் பலகையைத் தோளிலும் எடைமெஷினைக் கையிலும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன அவர்களை ஊர் அளவுக்காரிகள் என்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம். படிவத்தின் தலையில் நாலு கட்டம்: அளந்தாயிற்று, ஊர் மாறினார், மறுத்தார், இறந்தார். இதில் ஏதாவது ஒன்றில் குறி விழாமல் படிவம் அலுவலகத்துக்குள் நுழைய முடியாது. மனிதப்பிறவிக்கு இந்த நாலைவிட்டால் வேறு கதி இல்லை என்று டாக்டர் நம்பினார். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஐந்தாவதாக ஒன்று எனக்கும் தோன்றவில்லை.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி ஓதிலா. அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை, பிறகும் ஆகவில்லை. மற்றவர்கள் பாதி சென்டிமீட்டரை முழுசாக்கி எழுதிவிடுவார்கள். ஓதிலா ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்க மாட்டாள். அளக்கப் போகிற வீட்டாரோடு ஒட்டக்கூடாது என்பது அலுவலக விதி. காபி கொடுத்தால் குடிக்கலாம், உறவு கொண்டாடக் கூடாது. ஆனால் பிறந்த பிள்ளையை முதன்முதலில் கையில் ஏந்தியவளை ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடாமல் விட எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. டாக்டருக்குத் தெரியாமல் எட்டுப் பேரும் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு ஞானத்தாய் ஆகிவிட்டார்கள். பிள்ளையின் நல்லதையும் கெட்டதையும் பெற்றவளோடு பாதிப்பாதி சுமப்பதாக மாதா கோயிலில் மெழுகுவத்தி பிடித்துச் சத்தியம் செய்தார்கள். பீச் பழத் தொழிற்சாலையில் கொட்டை எடுக்கும் வேலை பார்த்த தோர்வலீனாவின் மகள் ஜுசாராவுக்கு ஓதிலாதான் ஞானத்தாய். அன்றிலிருந்து தோர்வலீனா அவளை, வழக்கப்படி, கொமாத்ரே, அதாவது பிள்ளைக்கு உடன்தாய், என்று கூப்பிட்டாள். அந்த வார்த்தை வந்த பிறகு விதியாவது, விலக்காவது.

ஜுசாரா பிறவியிலேயே சிறுகூடு. ஆய்வின் வரைபடத்தில் கீழிருந்து மேலாக ஏழு கோடுகள் உண்டு. அவள் அடிக்கோட்டை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருந்தாள். இடதுகைக்காரி. ரொட்டியின் நடுவைத் தோண்டித் தின்றுவிட்டுத் தோலைக் கோழிக்குப் போடுவாள். பெரியவர்கள் கூடி உட்கார்ந்து மாத்தே என்கிற இலைத் தேநீரை மாற்றி மாற்றிக் குடிக்கும்போது சுரைக்குடுக்கையைப் பிடுங்கி, உறிஞ்சுகுழலைப் போட்டுக் கலக்குவாள். எங்கள் பக்கத்தில் குழலை ஆட்டுவதைவிடப் பெரிய மரியாதைக்கேடு கிடையாது. சுருதி சேராமல் சதா முணுமுணுவென்று பாடுவாள். அளக்க நிறுத்தினால் தெருவே கூடும்படி கத்துவாள். இரண்டாம் வயது அளவின்போது, தலைப்பலகையை இறக்கிய ஓதிலாவின் சுட்டுவிரலில் நாலு பல் பதிய ஒரு கடி கடித்தாள். படிவத்தில் ஒத்துழைப்பு என்ற கேள்விக்கு ஓதிலா 'இல்லை' என்று எழுதினாள். 1983 ஜூனில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தில், தெற்குக் காற்று வந்தபோது பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆறே நாள். லாரி ஓட்டுகிற அப்பன் அடெலார், அடக்கம் முடிந்த மறுநாள் வடக்கே அரிசி ஏற்றிக்கொண்டு போனவன், திரும்பி வரவேயில்லை.

அடுத்த வருடம் ஏப்ரலில் நாலாம் வயது அளவு தொடங்கியது. தெருவில் கடைசி வீடாகத் தோர்வலீனா வீட்டுக்குள் ஓதிலா நுழைந்தாள். உட்கார்ந்தாள். படிவத்தை எடுத்து நாலாவது கட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள். அடக்கத்தில் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து நடந்தவள் அவள். எழுத வேண்டியது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோர்வலீனா மேஜையில் பீச் பழப் பாகை வைத்துவிட்டு நின்றாள். “கொமாத்ரே, இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் பலகையைப் பிரிச்சீங்க. எம் வீட்டுல மட்டும் ஒரு குறியைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவீங்களா?”

“தோர்வலீனா, சொல்றதைக் கேளு. நான் குறி போடறதுனால ஒண்ணும் ஆகப்போறதில்ல...”

“ஆகப்போறதில்லல்ல? அப்ப பலகையைப் பிரிங்க. மெழுகுவத்தி பிடிச்சு என்ன சத்தியம் பண்ணுனீங்க? மறந்துபோச்சா?”

ஓதிலா பலகையைப் பிரித்துச் சுவரில் சாய்த்தாள். வெறும் காற்றில் தலைப்பலகையை இறக்கினாள். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பொய் என்று ஆனபின் பிள்ளைக்குக் குறை வைப்பானேன் என்று நினைத்தாள். ஏழு கோடுகளில் நடுக்கோடு நாலு வயதுப் பெண்பிள்ளைக்கு என்ன சொல்லுமோ, அந்த இடத்தில் நிறுத்தினாள். நூற்றொன்றரை. எடை பதினாறு கிலோ. முதல் கட்டத்தில் குறி போட்டாள். தோர்வலீனா அந்தக் குறியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்த வேகத்தில் ஓதிலா எடைமெஷினை அங்கேயே மறந்துவிட்டாள். மறுநாள் காலை எடுக்கப் போனபோது அது மூலையில் கிடந்தது. மேலே ஒன்றுமில்லை. முள் பதினாறில் நின்றது.

“நேத்து சாயங்காலத்துலருந்து அதுமேலதான் நிக்கிறா,” என்றாள் தோர்வலீனா. இரவு முழுக்க அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் குரல் சந்தோஷமாக இருந்தது. “இறங்குடின்னா இறங்கல. நீங்க சொன்னாத்தான் இறங்குவா போல.”

“இறங்கு கண்ணு,” என்றாள் ஓதிலா. முள் பூஜ்யத்துக்கு வந்தது. தரைப்பலகை கிறீச்சிட்டது. சத்தம் சின்னச் சின்ன அடிகளாகச் சமையற்கட்டுப் பக்கம் போயிற்று.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். முதல் மாதம் பேசினார்கள், அப்புறம் பழகிவிட்டது. ஜுசாராவைக் கண்ணால் காண முடியாது. எடையும் உயரமும் பசியும் உண்டு. ரொட்டிக்கடைக்காரர் தோர்வலீனாவுக்குப் பழையபடி இரண்டு ரொட்டி கூடுதலாகச் சுற்றினார். மறுபடி ஞானஸ்நானம் வேண்டுமா என்று கேட்டதற்குப் பாதிரியார், ஒரு தடவை ஊற்றிய தண்ணீர் போதும் என்றார். ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் ஓர் இடம் எப்போதும் சூடாக இருக்கும், அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். வகுப்புப் புகைப்படங்களில் நடு வரிசையில் ஒரு பிள்ளை நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு நின்றார்கள். பரீட்சைத் தாளில் விடைகள் இருக்கும், நூற்றுக்கு ஐம்பத்தெட்டு, அறுபது என்று மார்க் வரும். ஒரு நாள் லீவு போட்டதில்லை. ஒருவரோடும் சண்டை போட்டதில்லை. இப்படி ஒரு பிள்ளை நமக்கு வாய்க்கவில்லையே என்று பக்கத்து வீட்டுக்காரிகள் தங்கள் பிள்ளைகளைத் திட்டினார்கள். ஏழாம் வயதிலும் பதினோராம் வயதிலும் ஓதிலா வந்தாள், காற்றில் பலகையை இறக்கினாள், நடுக்கோட்டு எண்ணை எழுதினாள். எழுதியதும் ஜுசாரா படுக்கும் கட்டில் அந்த எடைக்குத் தாழ்ந்தது.

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். ஆய்வு அலுவலகத்தில் வால்மோர் என்று ஒரு மேற்பார்வைக்காரர் இருந்தார், கணக்குப் படித்தவர். அளவுக்காரிகள் போய்வந்த வீடுகளில் பத்துக்கு ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, தானே போய் மறுபடி அளந்து பார்ப்பது அவர் வேலை. 1991 மார்ச்சில் சீட்டு தோர்வலீனா வீட்டுக்கு விழுந்தது. வேலை போய்விடும் என்பதல்ல ஓதிலாவின் பயம். வால்மோர் ஒரு கோடு கிழித்து நாலாவது கட்டத்தில் குறி போட்டால் பிள்ளை அந்த நிமிடமே போய்விடுவாள் என்பதுதான். வால்மோர் போனார், பலகையை வைத்தார், மெஷினை வைத்தார், திரும்பி வந்தார். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர். ஐந்துவரை அனுமதி உண்டு. எண்ணைப் பார்க்கிறவருக்குப் பிள்ளையைப் பார்க்கிற பழக்கம் இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், படித்த படிப்பு அப்படி.

ஆனால் ஒரு வாரம் கழித்து அவர் ஒரு வரைபடத்தோடு ஓதிலாவின் மேஜைக்கு வந்தார். “ஓதிலாம்மா, இந்தப் பொண்ணைப் பாருங்க. நாலு வயசு, ஏழு வயசு, பதினொண்ணு. மூணு புள்ளியும் நடுக்கோட்டு மேலயே உக்காந்திருக்கு.”

“நல்லா வளர்ற பிள்ளை சார்.”

“நல்லா வளர்ற பிள்ளை இப்படி வளராதும்மா. மழைக்காலத்துல இளைக்கும், லீவுல பெருக்கும், அம்மை போட்டா ஒரு வருஷம் பின்னால போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்ல ஒருத்தர்கூட இந்தக் கோட்டு மேல நடக்கல. நடக்கவும் முடியாது. இது எல்லாரையும் கூட்டி வகுத்து நாம போட்ட கோடு.” பிறகு சிரித்தார். “நடுக்கோடே ஒரு பொண்ணாப் பொறந்து வந்திருச்சோ என்னமோ.” வரைபடத்தை அங்கேயே விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

அதே வாரம் ஒரு மதியம் தோர்வலீனா தொழிற்சாலை ஏப்ரனோடு ஓதிலாவின் வீட்டுக்கு வந்தாள். கையில் பீச் பழ வாசனை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கொமாத்ரே, அது எம் மவ இல்ல.”

ஓதிலா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஏழு வருஷமா நானும் சொல்லிக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். வச்ச சோத்தைத் திங்குது. ரொட்டியைத் தோலோட திங்குது. கரண்டி வலப்பக்கம் கிடக்கு. மாத்தே குடுத்தா குழலை ஆட்டாமக் குடிச்சுட்டுப் பணிவா நீட்டுது. ஒரு தும்மல் இல்ல, ஒரு அடம் இல்ல. கட்டில்ல படுத்தா நேரா, செத்தவங்க மாதிரி படுத்திருக்கு. எம் மவ ஒரு நாள் நேரா படுத்தாளா? நீங்க சொல்லுங்க, உங்க விரலைக் கடிச்சாளே அவ எங்க? நான் ஊரு பெத்த பிள்ளைக்குல்ல இவ்வளவு நாளாச் சோறு போட்டுக்கிட்டிருக்கேன்!”

பிள்ளைக்குக் குறை வைக்கக் கூடாது என்று அன்றைக்கு ஓதிலா நினைத்தாளே, அந்தக் குறைதான் பிள்ளை என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. மில்லிமீட்டர் பார்க்கிறவள், ஒரே ஒரு முறை தாராளமாக இருந்துவிட்டாள். அந்தத் தாராளம் ஜுசாராவை இரண்டாம் முறை கொன்றுவிட்டது.

“இப்ப என்ன செய்யச் சொல்ற? நாலாவது கட்டத்துல போட்டுரட்டுமா?”

“போட்டா இதுவும் போயிரும். போடாட்டி அவ வர மாட்டா.” தோர்வலீனா அப்போதுதான் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியல கொமாத்ரே. நீங்கதான ஆரம்பிச்சீங்க.”

பெற்ற மனம் பித்து. ஞானத்தாயின் மனமும் அதில் பாதியாவது இருக்கும். அலுவலகத்தில் திருத்தச் சீட்டு என்று ஒன்று உண்டு. முன்னால் தவறாக எழுதியதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருட வேலையில் ஓதிலா அதைத் தொட்டதே இல்லை. மறுநாள் ஒரு கட்டு எடுத்துவந்தாள். இரண்டு பேரும் தோர்வலீனாவின் சமையற்கட்டில் உட்கார்ந்து ஜுசாராவின் குறைகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார்கள். உயரத்தில் பத்து சென்டிமீட்டரும் எடையில் எட்டு கிலோவும் குறைத்தார்கள். கை: இடது. உணவு: தேர்ந்தெடுத்துத் தின்பாள். ஆசிரியர் புகார்: உண்டு. கணக்கில் தேர்ச்சி: இல்லை. சில இடங்களில் சிரிப்பு வந்தது. நாற்பத்தோராவது கேள்விக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. நெஞ்சு நோய் வந்ததுண்டா என்பது கேள்வி.

“இதை விட்டுரலாம்,” என்றாள் ஓதிலா.

“அவ நெஞ்சு நோஞ்சான் நெஞ்சுதான கொமாத்ரே. கடிச்சதை எழுதி, இருமுனதை விட்டா அதுவும் பாதிப் பிள்ளைதான். எழுதுங்க.”

ஓதிலா 'உண்டு' என்று எழுதினாள். ஏப்ரல், மே இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை, கட்டில் மட்டும் கொஞ்சம் மேலெழுந்தது. ஜூன் பத்தாம் தேதி தெற்குக் காற்று வந்தது. அன்று காலை ஜுசாராவின் கட்டிலிலிருந்து இருமல் கேட்டது.

எட்டு வருடத்துக்கு முன் கேட்ட அதே இருமல், அடித்தொண்டையில் தகரம் உரசுவது மாதிரி. போர்வை கொதித்தது. சுகாதார நிலையத்து டாக்டர் வந்து காற்றில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இடது நுரையீரல் என்றார். ஊசி போட்டார், மருந்து உள்ளே போனது. ஐந்தாம் நாள், அவர் இனிமேல் பிள்ளையின் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு நாளில் முடிந்துபோன நோய் இது என்பது அந்த அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். ஓதிலா எழுந்து செருப்பை மாட்டினாள்.

“எங்க போறீங்க?”

“அலுவலகத்துக்கு. அந்த வரியை அழிச்சுட்டு வர்றேன். அஞ்சு நிமிஷ வேலை. அழிச்சா இருமல் நின்னுரும்.”

தோர்வலீனா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், ஓதிலாவைப் பார்த்தாள். ஒரு தடவை வழியை விட்டும் நகர்ந்தாள். பிறகு திரும்ப வந்து மறித்தாள். “வேண்டாம். அழிச்சீங்கன்னா அந்தக் கோட்டுப்பிள்ளை வந்து படுத்துக்கும். இருமறது எம் மவ. எட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கா. போறதா இருந்தா அவளாப் போகட்டும், நான் பக்கத்துல இருக்கேன். நீங்களும் இருங்க.”

ஓதிலா செருப்பைக் கழற்றினாள். தன் வாழ்நாளில் செய்த கடினமான காரியம் அதுதான் என்று அவள் பின்னால் சொல்லியிருக்கிறாள். ஆறாம் நாள் வந்தது. இருமல் மெலிந்துகொண்டே போய், நடுமதியத்தில் நின்றுவிட்டது. சத்தமே இல்லை. போர்வையின் மேடு அசையவில்லை. தோர்வலீனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். காய்ச்சல் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்று பார்க்க ஓதிலா தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போர்வைக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் அலறினாள்.

சுட்டுவிரலில் ரத்தம் துளிர்த்திருந்தது. நாலு பல்.

இரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள். தோர்வலீனா அதை இழுத்து முத்தமிட்டாள், அழுதாள், “அடி நாய்க்குட்டி, அடி என் நாய்க்குட்டி” என்று கட்டிலைப் பார்த்துத் திட்டினாள். மாலையில் மேஜையில் இருந்த ரொட்டியின் நடு காணாமல் போயிருந்தது, தோல் மட்டும் கிடந்தது.

அதற்குப் பிறகு ஜுசாரா எந்தப் படிவத்துக்கும் அடங்கவில்லை. பதினைந்தாம் வயதில் ஓதிலா பழக்கதோஷத்தில் பலகையை நூற்றைம்பதில் நிறுத்தப் போனாள். தலைப்பலகை அவள் கையை மீறி இறங்கி, நூற்று நாற்பத்தேழு புள்ளி இரண்டில் எதன்மீதோ முட்டி நின்றது. ஓதிலா அதையே எழுதினாள். இரண்டாம் வயது அளவுக்குப் பிறகு அந்தப் படிவத்தில் அவள் எழுதிய முதல் உண்மையான உயரம் அது. வால்மோர் வரைபடத்தைப் பார்த்து, இந்தப் பெண் கோட்டைவிட்டு இறங்கிவிட்டாளே, பரவாயில்லை என்று நிம்மதிப்பட்டார். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை பெயில். கதவுகள் அடித்துச் சாத்தப்பட்டன. சுருதி சேராத முணுமுணுப்பு தெருவரை கேட்டது. பதினெட்டாம் வயதில் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டபோது ஊசியைத் தட்டிவிட்டாள். தகர வேலை செய்கிற ஒருவனின் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் யாருமில்லாமல் தாழ்ந்துபோவதைப் பார்த்தவர்கள் தோர்வலீனாவிடம் வந்து சொன்னார்கள். அவள் மகளோடு மூன்று நாள் பேசவில்லை. இருபத்துநாலாம் வயதில் பீரோவின் மேலிருந்த பெட்டி காணாமல் போயிற்று. பேருந்து நிலையத்தில் போர்ட்டோ அலெக்ரேவுக்கு ஒரு டிக்கெட் கிழித்ததாகவும், ஜன்னலோர இருக்கை அமுங்கியதாகவும் கண்டக்டர் சொன்னான். பெரிய நகரத்துக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அந்தப் பேருந்தில்தான் போகிறார்கள். தோர்வலீனா ஒரு மாதம் அழுதாள், பிறகு ஒரு போன் வாங்கினாள்.

இந்த வருடம், 2025-இல், நாற்பத்தைந்தாம் வயது அளவு நடந்தது. பழைய டாக்டரும் வால்மோரும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். எட்டு அளவுக்காரிகளில் ஓதிலா ஒருத்திதான் மிச்சம், அறுபத்தொன்பது வயது, இதோடு போதும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். படிவம் இப்போது கண்ணாடித் திரையில் வருகிறது, கட்டங்கள் மட்டும் அதே நாலு. அவள் கடைசி வீடாகத் தோர்வலீனா வீட்டுக்குப் போனாள். தோர்வலீனாவுக்கு முட்டிவலி, எழுந்திருக்காமலேயே மாத்தே ஊற்றி நீட்டினாள்.

“வரச்சொல்லிக் கூப்பிட்டியா?”

“மூணு தடவை கூப்பிட்டேன். எங்க எடுக்கறா? கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி அனுப்புனா கடமை முடிஞ்சுது. அவங்கப்பன் புத்தி.”

“இப்ப ஒரு தடவை போடு.”

தோர்வலீனா எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். நெற்றி சுருங்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சொல்லவிடவில்லை போலிருக்கிறது, மூடிக்கொண்டாள். பிறகு போனை ஓதிலா பக்கம் நீட்டினாள். யாரோ ஒரு சமையற்கட்டில் பாத்திரம் உருட்டிக்கொண்டு சுருதி சேராமல் முணுமுணுப்பது கேட்டது. டக்கென்று தொடர்பு அறுந்தது.

“என்னவாம்?”

“வர மாட்டாளாம். ‘நாப்பத்தஞ்சு வருஷம் அளந்து என்னத்தைக் கண்டீங்க, ஆளை விடுங்க’ங்கறா. பெத்தவளைக் கேக்கற கேள்வியா இது? ஞானத்தாய்ங்கற மரியாதையாவது வேண்டாமா? வச்சுட்டா பாருங்க, பட்டுனு வச்சுட்டா!” இவ்வளவு சந்தோஷமாக ஒரு தாய் மகளைத் திட்டி ஓதிலா கேட்டதில்லை.

ஓதிலா திரையை மடியில் வைத்துக்கொண்டாள். நாலாவது கட்டத்தைப் பார்த்தாள். நாற்பத்தோரு வருடத்துக்கு முன் இதே மேஜையில் அதன்மேல் பேனாவை வைத்தது நினைவுக்கு வந்தது. தழும்பு விழுந்த சுட்டுவிரலால் மூன்றாவது கட்டத்தைத் தொட்டாள். மறுத்தார். திரை அடுத்த கேள்விக்குப் போயிற்று. ஒத்துழைப்பு? 'இல்லை' என்று எழுதினாள். எழுதும்போது கண் மறைத்தது, துடைத்துக்கொண்டாள்.

சென்ற மாதம் அலுவலகச் சுவரில் கணக்கு ஒட்டினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு பேரில் இறந்தவர்கள் நூற்று அறுபத்தெட்டு, மறுத்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஜுசாராவின் பெயர் மறுத்தவர்கள் பட்டியலில், சரியான இடத்தில்தான் இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு ஓதிலா திரையை மூடிப் பைக்குள் வைத்ததும் தோர்வலீனா அடுத்த குடுக்கைக்கு வெந்நீர் ஊற்றினாள். மகளைப் பற்றித் திட்ட அவளிடம் இன்னும் நிறைய இருந்தது.